கறுப்பெண்ணெய் பட்ட காது

போன வாரம் காரின் பிரேக் கத்தத் தொடங்கியதால் கேமரன் மலையில் தானா ராத்தா பட்டணத்தில் ஒரு பட்டறையில் நிறுத்தினேன். பக்கத்தில் ஒரு லோரிக்கு எஞ்சின் எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தார்கள். பழைய எண்ணெய் கன்னங்கரேலென்று ஒரு தகரத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் காத்திருந்தவர் நல்ல சட்டை, நல்ல சப்பாத்து, கையில் என் கார் விலைக்கு ஒரு கைப்பேசி. அவர் அந்தத் தகரத்தைக் காட்டி, வீட்டு நாய்க்குச் சொறி பிடித்திருக்கிறது, பூசக் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டார். பட்டறைக்காரரும் தாராள மனசோடு ஒரு போத்தலில் ஊற்றி மூடியைத் திருகிக் கொடுத்தார்.

நான் சும்மா இருக்கவில்லை. பூசினால் நாய் நக்கும், நக்கினால் செத்துப்போகும் என்று சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, “எங்க வீட்டுல காலங்காலமா பூசுறோம்லா, ஒண்ணும் ஆனதில்ல” என்றார். எத்தனை நாய் செத்தது என்று யாரும் குறித்து வைத்திருக்க மாட்டார்கள், அதனால் ஒன்றும் ஆகவில்லை. இந்த மாதிரி ஆட்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். அப்படி எரிச்சல்பட எனக்கு முழுத் தகுதியும் உண்டு, ஏனென்றால் நானும் அதே ஆள்தான்.

அந்த எண்ணெய் நாற்றம் மூக்கில் ஏறினால் எனக்கு எஸ்டேட் ஆபீஸ்தான் ஞாபகத்துக்கு வரும். பள்ளிக்கூடத்தில் எஸ்.பி.எம். பரீட்சை முடித்து, கணினி வகுப்பு ஒன்றுக்கும் போய் வந்து, இருபத்து மூன்று வயதில் அங்கே கணக்கெழுதும் சின்னக் கிராணியாகச் சேர்ந்திருந்தேன். என் அம்மா அதே எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர், நான் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள். ஆனால் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த மூன்றாவது மாதத்தில் லயத்து வழியாக நடப்பதை விட்டுவிட்டேன். சேறு ஒட்டுகிறதாம். இப்போது நினைத்தாலும் என்னை நானே ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருக்கிறது.

வார இறுதியில் கோலாலம்பூர்க்காரர்கள் வந்து குவிவார்கள். ஸ்ட்ராபெரி போட்ட தலையணை, ஸ்ட்ராபெரி போட்ட குடை, ஸ்ட்ராபெரி போட்ட செருப்பு எல்லாம் கியா பார்ம் சந்தையில் வாங்கிக்கொண்டு, தேயிலைச் சரிவைப் பார்த்து எவ்வளவு பச்சை என்று வியப்பார்கள். தேயிலை வேறு என்ன நிறத்தில் இருக்கும் என்று எதிர்பார்த்து வந்தார்களோ தெரியவில்லை. சரிவில் முதுகில் மருந்துப் பம்பைக் கட்டிக்கொண்டு நடக்கும் பெண்களை அவர்கள் படம் எடுப்பதில்லை, கொழுந்துக் கூடைதான் வேண்டும். அப்படிப் படத்தில் வராத ஒருத்திதான் பவுனு.

பவுனுவுக்கு அப்போது நாற்பதுக்கு மேல் இருக்கும். இருபது வருடமாகக் களைக்கொல்லி அடிப்பவள். புருஷன் சிங்கப்பூருக்குப் போனவன் போனவன்தான். யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டாள், பேசினால் எதற்குப் பேசினாள் என்று ஆகிவிடும். என்னைக் கிராணியம்மா என்பாள், நீங்க என்பாள். அந்த இரண்டு மரியாதையிலும் எவ்வளவு எள்ளல் இருந்தது என்பது கேட்ட எனக்குத்தான் தெரியும்.

அந்த நாய்க்குட்டியை ஆபீஸ் பின்பக்கத்துக் கால்வாயில் பார்த்தவள் நான். கையளவு இருந்தது. முடி என்று சொல்ல ஒன்றுமில்லை, தோல் முழுக்கச் சிவந்து வெடித்துப் பொருக்குத் தட்டியிருந்தது, வயிறு மட்டும் பூச்சியால் உப்பியிருந்தது. எனக்கு இரக்கம் வந்தது. அதைவிட அதிகமாக, இரக்கப்படுகிற ஆள் நான் என்கிற பெருமை வந்தது. ஆபீஸ் டிரைவர் சொறிக்குக் கறுப்பெண்ணெயை விட்டால் வேறு மருந்தில்லை என்றார். அறிவியலில் நல்ல மதிப்பெண் வாங்கிய நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழைய துணியில் எண்ணெயை நனைத்துத் தலையிலிருந்து வால் வரை பூசினேன். இடது காது மோசமாக இருந்ததால் அங்கே இரண்டு தடவை அழுத்தித் தேய்த்தேன். பிறகு கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, நான் காப்பாற்றிய குட்டி என்று முகநூலில் போட்டேன்.

சாயங்காலம் மருந்துப் பம்பை ஸ்டோரில் வைக்க வந்த பவுனு, அட்டைப் பெட்டிக்குள் குட்டி வாந்தி எடுத்து வெட்டி வெட்டி இழுப்பதைப் பார்த்தாள். யார் பூசியது என்று கேட்டாள். நான்தான், சொறிக்கு நல்லதாம் என்றேன்.

அவள் கையுறையைக் கழற்றி இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நகம் எல்லாம் மஞ்சளாகிச் சொத்தையாக இருந்தது.

“மருந்து எது, வெசம் எதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருக்கலாம்ல கிராணியம்மா. இருவது வருசமா முதுகுல தூக்குறேன்.”

அவ்வளவுதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போய்விட்டாள். நானும் பின்னாலேயே ஓடினேன், சேற்றைப் பார்க்கவில்லை. லயத்து முனையில் ஒரு பொதுக் குழாய் உண்டு. அங்கே வெந்நீர் கலந்து, பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டு, அன்று மூன்று தடவை கழுவினாள். அடுத்த ஐந்து சாயங்காலமும் கழுவினாள். வேலை உடுப்போடு குட்டியைத் தொடமாட்டாள். முதலில் தான் குளித்து, உடுப்பு மாற்றி, கையை முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்து, அப்புறம்தான் தொடுவாள். தன் உடம்புக்கு அவ்வளவு கவனம் எடுத்து நான் பார்த்ததில்லை.

முகநூல் படத்தைப் பார்த்துவிட்டு மறுநாளே ஈப்போவிலிருந்து ஒரு நாய் மீட்புக் குழுவின் மேடம் அழைத்தார். குழுவின் பேரில் நாய் டாக்டரைப் பார்க்க ஏற்பாடு செய்தார். கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக் கீழே ஈப்போவுக்கு இறங்கும் லோரியில் பவுனு மடியில் குட்டியோடு போனாள், நானும் போனேன். தோலுக்குள் பூச்சி, வயிற்றில் பூச்சி, ரத்தம் இல்லை, எண்ணெய் வேறு உள்ளே போயிருக்கிறது, பிழைப்பது சந்தேகம், பிழைக்க வேண்டுமென்றால் உடம்புச் சூடு இறங்கவே கூடாது என்றார் டாக்டர். கேமரன் மலைக் குளிரில் மனுஷனுக்கே பல் தந்தியடிக்கும்.

பவுனு என்ன செய்தாள் தெரியுமா? தொழிற்சாலையில் தேயிலையை உலர்த்தும் மிஷினுக்கு அடியில் தூசும் நாரும் சூடாக விழும். கூட்டித் தள்ளும் குப்பைதான். அதைத் துணிப் பையில் அள்ளி வந்து பெட்டிக்குள் குட்டியைச் சுற்றி வைத்தாள். ஒரு பை ஆறினால் இன்னொரு பை. இப்படி மூன்று வாரம். அந்தக் குட்டியின் மேல் புதுத் தேயிலை வாசனை அடித்தது. பிழைத்துக் கிடந்து கண்ணைத் திறந்து பார்த்தபோது அவள் சொன்ன முதல் வார்த்தை, “இன்னும் சாவலயா சனியனே.” அன்றிலிருந்து அதன் பெயர் சனியன்.

மேடம் வைத்த பெயர் ஸ்ட்ராபெரி. தோல் உரிந்து சிவந்து கிடந்த ஒரு உயிருக்கு இதைவிடக் கேவலமாக யாராலும் பெயர் வைக்க முடியாது. வாரத்துக்கு ஒரு படம் கேட்பார். முடி முளைக்க முளைக்க மேடத்தின் முகநூல் பக்கத்தில் இதயமும் கண்ணீரும் குவிந்தன. பவுனு கை மட்டும் சில படங்களில் தெரியும், அதையும் வெட்டிவிட்டுத்தான் போடுவார், நகம் பார்க்க நன்றாக இல்லையாம். மூன்றரை மாதத்தில் மண் நிறத்தில் அடர்த்தியாக முடி வந்துவிட்டது. இடது காதில் மட்டும் வரவில்லை. நான் இரண்டு தடவை தேய்த்த இடம் வெந்து தழும்பாகி வழுக்கையாகவே நின்றுவிட்டது. இனி அங்கே முளைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

டாக்டரிடம் குழுவின் பேரில் காட்டியதால் குட்டி தாளில் குழுவுக்குச் சொந்தம். தத்துக் கொடுப்பதற்கு மேடம் ஒரு விண்ணப்பப் பாரம் அனுப்பினார், நல்ல வீடாகப் பார்க்க வேண்டும் என்றார். இது தெரிந்த அன்று பவுனு ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தாள். யாரிடமும் எதுவும் கேட்டு எனக்குத் தெரியாத பவுனு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“அந்தப் பாரத்துல எம்பேரையும் எழுதிப் பாரேன், தங்கச்சி.”

கிராணியம்மா என்று சொல்லவில்லை. அவள் என்னைத் தங்கச்சி என்றது அந்த ஒரு தடவைதான்.

எழுதினேன். வீடு சொந்தமா? இல்லை. வேலி உண்டா? இல்லை. கம்பெனி வீடு என்றால் நாய் வளர்க்க நிர்வாகத்தின் அனுமதிக் கடிதம் உண்டா? இங்கேதான் என் பேனா நின்றது. வெள்ளைக்காரத் துரை காலத்து விதி ஒன்று கோப்பில் இருந்தது: லயத்தில் நாய், ஆடு, கோழி வளர்க்கக் கூடாது. லயத்தில் நாய் இல்லாத வீடு எது? பெரிய கிராணி வீட்டிலேயே இரண்டு நாயும் ஒரு சண்டைச் சேவலும் இருந்தன. எஸ்டேட்டில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மோட்டார் லைசென்ஸ் எதற்கும் ஆபீஸ் கடிதம் வேண்டும், அத்தனையையும் டைப் அடிப்பவள் நான். தினம் கட்டாகக் கொண்டுபோய் வைப்பேன், பெரிய கிராணி படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார். நடுவில் ஒரு தாளைச் சொருகியிருந்தால் போதும்.

நான் சொருகவில்லை. ‘கம்பெனி விதிப்படி அனுமதி இல்லை’ என்று எழுதினேன். கையெழுத்து அழகாக இருக்க வேண்டும் என்று மெதுவாக எழுதியதுகூட நினைவிருக்கிறது. நேர்மை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேர்மையாவது மண்ணாவது. இவ்வளவு அழகாகத் தேறிய குட்டி லயத்துச் சேற்றிலா வளர வேண்டும், கேட் போட்ட வீட்டில் வளரட்டுமே என்று நினைத்தேன், அதுதான் உண்மை. அந்தச் சேற்றில்தான் நான் வளர்ந்தேன். என் மேலேயே எனக்கு இவ்வளவு இளப்பம் இருந்திருக்கிறது.

ஈப்போவிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி பல்லைப் பார்த்தார்கள், நடக்கவிட்டுப் பார்த்தார்கள், குரைக்குமா என்று கேட்டார்கள். நாய் குரைக்குமா என்று கேட்ட மனிதர்கள் உலகத்தில் இருக்கிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். பவுனு அன்று அரை நாள் லீவு எடுத்துக் குளிப்பாட்டிக் கொண்டுவந்தாள். ஒரு பையில் சூடான தேயிலைத் தூசும் எடுத்து வந்திருந்தாள், வழியில் குளிருமே என்று. கார் சீட்டு அழுக்காகும் என்று அந்த அம்மாள் வாங்க மறுத்துவிட்டார். படம் எடுக்கும்போது மேடம் பவுனுவைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். தள்ளி நின்றாள். கார் கதவு மூடும் முன்னால், “போ சனியனே, போயித் தொல” என்றாள். பிறகு அந்தச் சூட்டுப் பையை வயிற்றோடு கட்டிக்கொண்டு லயத்துப் பக்கம் நடந்தாள்.

அதற்குப் பிறகு மாதச் சம்பள நாளன்று ஜன்னலில் நின்று, படம் வந்துச்சா என்று கேட்பாள். மூன்று மாதம் வந்தது, காட்டினேன். நாலாவது மாதம் வரவில்லை. மேடத்திடம் கேட்டால், அவர்கள் வீடு மாறிவிட்டார்கள், நாயை யாரோ தெரிந்தவர் தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம், எந்தத் தோட்டம் என்று தெரியவில்லை, இப்போது வேறு மூன்று குட்டிகள் அவசரம் என்றார். ஸ்ட்ராபெரிக்கு அழுத கண்ணீர் அதற்குள் காய்ந்துவிட்டது.

இதைப் பவுனுவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதே மண் நிறத்தில் வேறு ஒரு நாயின் படத்தை எங்கிருந்தோ எடுத்து வைத்துக்கொண்டேன். நல்ல புல்வெளி, பின்னால் வெள்ளை கேட். சம்பள நாளன்று நீட்டினேன். கைப்பேசியை இரண்டு கையாலும் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். திருப்பிக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்த்தாள்.

“நல்லாத்தான் வச்சிருக்காங்க. காதுல முடிகூட மொளைச்சிருச்சு.”

அதற்கப்புறம் அவள் படம் கேட்கவே இல்லை. மறுபடி கிராணியம்மா ஆகிவிட்டேன். இரண்டு வருடம் கழித்து மருந்தடிக்கும் வேலையைக் காண்ட்ராக்டுக்கு விட்டபோது, வீட்டைக் காலி செய்யச் சொல்லி அவளுக்குப் போன கடிதத்தை நான்தான் டைப் அடித்தேன். அதில் ஒரு பிழைகூட இல்லை. கிள்ளானில் அக்கா வீட்டுக்குப் போனாள் என்றார்கள். என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை.

பிரேக் சரியானதும் திரும்பிப் போகாமல் மேலே எஸ்டேட் பக்கம் காரை விட்டேன். ஆபீஸ் இருந்த கட்டடத்தில் கேக் விற்கிறார்கள். ஸ்டோரைக் காணவில்லை. நான் பிறந்த லயத்தை இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். பவுனு இருந்த லயம் மட்டும் நிற்கிறது, மஞ்சளும் நீலமும் பூசி, வாசலில் பூந்தொட்டி வைத்து, சுற்றுலாப் பயணிகளுக்கு அறை அறையாக வாடகைக்கு விடுகிறார்கள். முகப்பில் நாய்க்கால் தடம் வரைந்து ஒரு பலகை: உங்கள் செல்ல நாயுடன் வரலாம்.

முன்பதிவு மேசையில் இருந்த பெண் எழுந்து வந்து, நாய் கொண்டு வந்திருக்கிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டாள். இல்லை என்றேன். பரவாயில்லை, அடுத்த முறை கொண்டு வாருங்கள் என்று சொல்லி, லயத்து முனைக்கு அழைத்துப்போய்க் காட்டினாள். பவுனு ஆறு சாயங்காலம் கறுப்பெண்ணெய் கழுவிய அதே குழாய். வெந்நீர் இணைப்புக் கொடுத்து, சின்னதாக ஒரு தொட்டி கட்டி, பக்கத்தில் வாசனைச் சோப்பும் வைத்திருந்தார்கள். நாய்களைக் குளிப்பாட்டுவதற்காம்.