பிள்ளையாருக்குக் கீழே ஒரு கோடு

போன கிழமை எங்கள் அலுவலகத்தில் மூன்று கூட்டங்கள் நடந்தன. மின்சுற்றுப் படத்தில் தலைகீழாக வேலை செய்யும் சிக்னலுக்கு எப்படிப் பெயர் வைப்பது என்பதுதான் வழக்கு. பெயரின் வாலில் ஆங்கில எழுத்து ‘என்’ போடவேண்டும் என்று ஒரு கட்சி, தலையில் ‘நொட்’ போடவேண்டும் என்று இன்னொரு கட்சி. பெயருக்கு மேலே கோடு கீறிய எங்கள் காலத்தைச் சொன்னேன், இளசுகள் சிரித்தார்கள். எனக்கோ கறுப்பு மையின் வாசனை மூக்கில் ஏறிவிட்டது.

எண்பத்தாறில் யாழ்ப்பாணத்து மின்னணுக் கடையொன்றில் படம் கீறுவது என் உத்தியோகம். முதலாளி பென்சிலில் தருவதை நான் மையால் பிரதி செய்வேன். அதன் போட்டோக் கொப்பியைப் பார்த்துத் தேவன் கம்பி ஒட்டுவான். கடையில் உண்மையாக வேலை செய்தவன் அவன் ஒருவன்தான்.

நீர்வேலி வாழைத்தோட்டக்காரர் ஒருவருக்கு, கிணறு வற்றினால் மோட்டரை நிறுத்தும் கருவி செய்தோம். ‘வற்றியது’ என்று பெயரிட்ட கம்பியில் மின்சாரம் வந்தால் கிணறு வற்றிவிட்டது. பெயருக்கு மேலே கோடிருந்தால் எல்லாம் கவிழ்ந்துவிடும், மின்சாரம் வராவிட்டால்தான் வற்றியது.

வெள்ளைத் தாளைக் கண்டால் பிள்ளையார் சுழி போடாமல் என் கை ஓடாது. அன்றும் உச்சியில் ‘உ’ போட்டு, கீழே கோடும் இழுத்தேன். ‘வற்றியது’ என்ற பெயரும் உச்சியிலேயே, அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தது. கொப்பி மெசின் தாளின் மேல் விளிம்பை விழுங்கிவிட்டது. பிள்ளையார் போனார், கோடு மட்டும் பெயருக்கு மேலே மிஞ்சியது.

தோட்டக்காரர் கருகிய மோட்டரோடு வந்தார். “கிணத்துக்கை தண்ணி கிடக்கேக்கை நிக்குது, வத்தினாப்பிறகு ஓடுது. உது ஆருக்கு இறைக்குது தம்பியவை?”

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது எனக்கு உடனே விளங்கிவிட்டது.

“கொப்பியிலை கோடு கிடந்தது அண்ணை, அதாலைதான் மாத்தி ஒட்டினனான்” என்றான் தேவன்.

“என்ரை படத்திலை கோடில்லை. பிழையை மறைக்க நீ பிறகு கீறியிருக்கிறாய்” என்ற முதலாளி என் பக்கம் திரும்பினார். “நீர் அந்தப் பேருக்கு மேலை கோடு போட்டனீரோ?”

“இல்லை அண்ணை.”

அது பொய்யில்லை பாருங்கள். நான் பிள்ளையாருக்குக் கீழேதான் போட்டேன். படித்த மூளை இப்படித்தான் உதவும். தேவனை நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார் முதலாளி. அவன் என்னை ஒருமுறை பார்த்தான், சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

நாளைக்குச் சொல்லலாம் என்று ஒன்பது வருடம் தள்ளினேன். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊரே எழும்பி ஓடியபோது கடையும் போனது, முதலாளியும் போனார். தேவனை விசாரிக்காத இடமில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தக் கோடு என்னுடையது என்று சொல்ல இப்போது நான் தயார், கேட்கவேண்டியவனைத்தான் காணவில்லை.