படகில் ஏறிய ஜெர்மன் அம்மாள்

நேற்று மாமல்லபுரம் கடற்கரையில் வெளிநாட்டு இளைஞன் ஒருவன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அலையில் இறங்கினான். முதுகில் பூசியிருந்த களிம்பின் வாசனை காற்றில் வந்தது. அவ்வளவுதான், எண்ண ஆரம்பித்துவிட்டேன். ஒரு ஜோடி செருப்பு. ஒரு தலை. சரி.

இந்த வியாதி இளவயதில் பிடித்தது. அப்போது இங்கே கடலோரத்தில் சின்ன விடுதியொன்றில் வரவேற்பு மேசையில் இருந்தேன். வருகிறவர்களுக்கு நம் நாட்டைப் பழக்கிக் கொடுப்பதும் என் வேலைதான். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். இடது கையால் எதையும் நீட்டாதீர்கள். தொப்பியில்லாமல் வெயிலில் போகாதீர்கள், நிழல் கண்டால் ஒதுங்குங்கள். மீனவர்களுக்குப் படகு சாமி மாதிரி, செருப்புக் காலோடு ஏறாதீர்கள். கடைசியாகக் கடல்: மேலே சாதுவாக இருக்கும், அடியில் இழுக்கும். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். ஆட்டிவிட்டு நேரே போய்க் கடலில் இறங்குவார்கள்! அதனால் தினமும் கரைக்குப் போய்ச் செருப்புகளை எண்ணுவேன். எத்தனை ஜோடியோ அத்தனை தலை தண்ணீரில் தெரிந்தால்தான் எனக்குக் காப்பி இறங்கும். மீனவர்கள் எனக்குக் ‘கணக்கு சார்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

மார்த்தா என்ற ஜெர்மன் அம்மாள் தனியாக வந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். நான் சொன்னதை அப்படியே கேட்டு நடந்த ஒரே விருந்தாளி. கொதித்த தண்ணீரை ஆற வைத்துத் துணியில் வடிகட்டி வேறு குடிப்பார். என் மனைவிகூட என் பேச்சுக்கு அவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை.

ஒருநாள் நாலு மணி வெயிலில் போய்ப் பார்த்தால், அலை தொடும் இடத்தில் அவருடைய பழுப்புச் செருப்பு மட்டும் கிடந்தது. கடலில் தலையே இல்லை. மறுபடி எண்ணினேன். ஒன்றை எத்தனை தடவை எண்ணினாலும் ஒன்றுதானே. வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஏழுமலையிடம் ஓடினேன்.

“இன்னா கணக்கு சார், மூஞ்சி இப்டி வெளுத்துப் பூட்ச்சி?”

“செருப்பு இருக்குப்பா, ஆளக் காணோம். அந்த ஜெர்மன்காரம்மா!”

அவன் சிரிக்கவில்லை. “டேய் மச்சான், வாங்கடா! படகத் தள்ளு!”

பக்கத்தில் நின்ற மரப்படகில் ஆறு பேர் கை வைத்தார்கள். ஏழாவது நான். படகு ஒரு முழம் நகர்ந்ததும் உள்ளிருந்து இருமல் கேட்டது. மேலே போர்த்தியிருந்த பாய்த்துணி விலகியது, முதலில் ஓலைத்தொப்பி, அதன் கீழே தூக்கக் கலக்கத்தோடு மார்த்தா.

“இன்னாம்மா, எங்கள உட்டுட்டு மீன் புடிக்கக் கெளம்பிட்டியா?” என்றான் ஏழுமலை.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. “நிழல் கண்டால் ஒதுங்கச் சொன்னீர்கள். செருப்போடு ஏறக்கூடாது என்றீர்கள். காலைக்கூடக் கழுவிவிட்டுத்தான் ஏறினேன்” என்று ஆங்கிலத்தில் என்னிடம் நியாயம் கேட்டார்.

மணலில் உட்கார்ந்துவிட்டேன். மார்த்தா இறங்கி வந்தார். தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார். “தொப்பியில்லாமல் வெயிலில் வரலாமா?”

“பாத்தியா சார், ஒனக்கே பாடம் எடுக்குது!” என்றான் ஏழுமலை.

அந்தப் படகு நின்ற மணலைக் கடல் தின்றுவிட்டது. இப்போது அங்கே கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். விடுதியும் இல்லை, ஏழுமலையும் இல்லை. என்ன குடிக்கலாம், எங்கே இறங்கலாம் என்பதையெல்லாம் கைப்பேசி சொல்லிவிடுகிறது. சொல்லட்டும், நல்லதுதான். ஆனால் அது கரையில் நின்று எண்ணுமா?

நேற்று அந்த இளைஞன் வெளியே வந்து செருப்பை மாட்டும்வரை நின்றேன். யாரோ கிழவன் என்று நினைத்துக் கையசைத்துவிட்டுப் போனான். கணக்கு சரி. உச்சந்தலை சுட்டபிறகுதான், நான் தொப்பியில்லாமல் வந்திருந்தது தெரிந்தது.