பெரியநைனா போட்ட சுழி

என் மேசையில் இருக்கும் கீபோர்டு பழையது. பழவேற்காடு கடைத்தெருவில் நான் தட்டச்சு வேலை பார்த்த ஜெராக்ஸ் கடையை மூடியபோது, முதலாளி தூக்கிப் போடப் போனதைக் கேட்டு வாங்கி வந்தேன். விசைகளின்மேல் ஒட்டிய தமிழ் எழுத்து ஸ்டிக்கர்களில் பாதி உரிந்துவிட்டன. ‘உ’ மட்டும் ஒட்டிய அன்றைக்குப் போலவே பளிச்சென்று இருக்கிறது. அதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. எத்தனையோ எழுத்து உரிந்ததே, இது உரிந்து தொலைந்திருக்கக் கூடாதா என்று நினைப்பேன். உரிந்திருந்தால் அன்று பெரியநைனா தேடியும் கிடைத்திருக்காது.

பெரியநைனா என் அப்பாவின் அண்ணன். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் வருடா வருடம் மணல் அடைத்துக்கொள்ளும். ஆழம் குறைந்த அந்த வாயில் அலை எழும்பி உடையும். கடலிலிருந்து திரும்பும் படகு மணல்திட்டில் தட்டினால் புரண்டுவிடும். அவருடைய ஒரே மகன், எனக்கு அண்ணன் முறை, அப்படித்தான் போனான். அதற்குப் பிறகு பெரியநைனா வலையைப் பற்றிப் பேசுவார், காற்றைப் பற்றிப் பேசுவார், இறால் விலை பேசுவார். மகனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வராது. பெரியம்மா அழ ஆரம்பித்தால் துண்டை உதறிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

முகத்துவாரத்தைத் தூர்வாரச் சொல்லிக் கலெக்டருக்கு மனு கொடுக்க ஊரில் முடிவானது. கடையில் நான் இருக்கிறேன் என்பதால் அவரை அனுப்பினார்கள். ‘ஐயா, வணக்கம்’ என்று பழைய மனுக்களைப் போலவே சொல்லிக்கொண்டு வந்தார். நடுவில் குரல் மாறியது. “கூப்ட்டா கேக்குற தூரத்துலதான் இருந்தான். நைனானு கூப்ட்டான். நான் முழங்கால் தண்ணியில நின்னுனு இருந்தேன். அலை உள்ள வுடல,” என்றார். அதற்குமேல் அவராலேயே நிறுத்த முடியவில்லை. என் கை பாட்டுக்கு அடித்துக்கொண்டே போனது. கண்ணைத் துடைக்கக்கூட நிறுத்தவில்லை. இதைப் படித்துவிட்டு எந்த அதிகாரியாலும் தாளை ஓரமாக வைத்துவிட்டு டீ குடிக்க முடியாது என்று தோன்றியது. மனு என்பதன்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது அந்த ஒரு நாள்தான்.

சொல்லி முடித்ததும் அவருக்குப் பயம் வந்துவிட்டது. “ஊர் மனுவுல எம்புள்ள எதுக்கு பாப்பா? காசுக்கு எழுதிக்கினான்னுவாங்க. அத எடுத்துடு.” கன்ட்ரோலையும் இசட்டையும் அழுத்தினேன். வரிகள் கடைசியிலிருந்து மறைந்தன. கொஞ்ச நேரம் திரையையே பார்த்தவர், “இல்ல, இருக்கட்டும்,” என்றார். கன்ட்ரோலையும் ஒய்யையும் அழுத்தினேன். எல்லாம் திரும்பி வந்தன. “இன்னாது, போனது அப்டியே வருது?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த ஆசையை என்னால் தாங்க முடியவில்லை. மறுபடி எடுக்கச் சொன்னார், மறுபடி கொண்டுவரச் சொன்னார். வாசலில் ஆதார் நகலெடுக்க ஆட்கள் நின்றார்கள், முதலாளி முறைத்தார். எது எடுக்கும், எது கொண்டுவரும் என்று அவருக்குக் காட்டிக்கொடுத்து, “நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க பெரியநைனா,” என்று எழுந்து போனேன்.

நான் திரும்பி வந்தபோது திரை முழுக்க வெள்ளை. உச்சியில் ஒரே ஒரு ‘உ’. கையை எடுக்காமல் அழுத்தி, மனுவின் முதல் எழுத்தும் மறையும்வரை பின்னால் போயிருந்தார். “சுழி போடாம ஆரம்பிச்சிருக்க பாப்பா. அதான் ஒரு மனுவும் வெளங்கல. நானே தேடிப் போட்டுட்டேன். இப்ப எல்லாத்தையும் கொண்டா,” என்றார், பெருமையாக. வெற்றுத் தாளைக் கண்டால் எங்கள் ஊரில் யாரும் முதலில் செய்வதைத்தான் அவரும் செய்திருந்தார். பின்னால் போன இடத்தில் புதிதாக ஓர் எழுத்து அடித்துவிட்டால், போனது போனதுதான், வராது. அதையும் சொல்லிவைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? ஒய்யை அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை. சுழியை எடுத்துவிட்டு அழுத்தினேன். சுழி மட்டும் வந்தது. மனு முடிந்த பிறகுதான் பெயர் வைத்துச் சேமிப்பது எங்கள் வழக்கம். அதனால் வேறெங்கும் அது இல்லை.

எனக்கு ஞாபகம் இருக்கிறது, திரும்ப அடிக்கிறேன் என்றேன். “வேணாம், வுடு. சுழி போட்டப்புறந்தான் போச்சு. சாமிக்கே வேணாம்போல,” என்றவர், சற்றுக் கழித்து, “இன்னொரு தபா என்னால சொல்ல முடியாது பாப்பா,” என்றார். மற்றதை மட்டும் அந்த ‘உ’வுக்குக் கீழே அடித்துக் கொடுத்தேன். மனுவைப் பெற்றுக்கொண்டதற்குச் சீல் வைத்த ரசீது கிடைத்தது. வேறொன்றும் கிடைக்கவில்லை.

இப்போது வீட்டிலேயே தட்டச்சு செய்கிறேன். புது மென்பொருள் எதையும் தொலைப்பதில்லை. போன வாரம் அழித்ததைக்கூடத் தோண்டி எடுத்துத் தந்துவிடும். இந்தக் கோடையில் முகத்துவாரம் முழுக்க அடைந்துவிட்டது. அண்ணன் புரண்ட இடத்தைக் கால் நனையாமல் கடக்கலாம். நானே நடந்தேன். மறுபடியும் மனு என்று பெரியநைனா வந்து உட்கார்ந்தார். “சுழிய மொதல்லயே போட்டுக்கோ,” என்றார். அதே விசையை அழுத்தினேன். ஐயா வணக்கம் முடிந்து, மணல் முடிந்து, அந்த இடம் வந்ததும் கையை நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தேன். “இந்தத் தபா தொலையாது பெரியநைனா,” என்றேன்.

“இன்னா தொலையாது?” என்றார். “அவ்ளோதான், பிரின்ட் போடு.”

மனு அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது.