இரண்டு நாள் சோப்பு

டீனா தராசின் மேல் ஸ்டீல் டம்ளரை வைத்து, எண் பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருந்து, காஸ்டிக் சோடாவைக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டாள். நூற்று நாற்பத்திரண்டு கிராம். ஒரு துணுக்கு கூடுதலாக விழுந்தது, அதையும் எடுத்தாள். நைட்டிக்கு மேல் பிளாஸ்டிக் ஏப்ரன், முழங்கை வரை ரப்பர் கையுறை, கண்ணுக்குப் பெரிய கண்ணாடி. விவேக் நகரில் கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது சந்து. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் கேட்டுக்கொண்டு நுழைய வேண்டிய சமையலறை. ஜன்னலைத் திறந்துவிட்டு, சோடாவைத் தண்ணீரில் கொட்டிக் கிளறினாள். அடுப்பே இல்லாமல் தண்ணீர் சூடேறி, மூக்கை அறுக்கும் ஆவி எழுந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கதவோரம் அவள் கணவர் ஓஸ்வால்ட் நின்றிருந்தார்.

“இன்னைக்கேவா? ஏழு மணிக்கு அன்பியம் நம்ம வீட்ல. சந்துக்காரங்க எல்லாம் செபத்துக்கு வருவாங்க.”

“தெரியும். அதுக்குள்ள ஆறிடும்.”

“ரெஜினா பார்த்தா இன்னா நெனைப்பா?”

“பார்க்கட்டும். நீங்க அவகிட்ட சொல்லிட்டீங்களா?”

நாற்காலி எடுத்துப் போட வேண்டும் என்று ஓஸ்வால்ட் போய்விட்டார். பத்து நாளாக இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் அவருக்கு ஒரு வேலை இருந்தது.

டீனாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கம் நொடிக்கத் தொடங்கியபோதே குடும்பத்தோடு இங்கே வந்தவர். ஒரு பள்ளிக்கூடத்தின் கெமிஸ்ட்ரி லேபில் அவள் இருபத்து மூன்று வருடம் உதவியாள். அடுத்தவர் செய்யும் பரிசோதனைக்குப் பாட்டில் நிரப்புவாள், கழுவுவாள், உடைந்தால் பெருக்குவாள். ஆட்குறைப்பு என்று அனுப்பிய நாளில் ஒரு சால்வையும் சுவர்க் கடிகாரமும் தந்தார்கள். லேபில் போடும் கண்ணாடியை அவளாகக் கேட்டு வாங்கினாள். கடிகாரம் எப்போதோ நின்றுபோனது. கண்ணாடி இன்னும் உழைக்கிறது.

சோப்பு அதற்குப் பிறகு வந்தது. தேங்காய் எண்ணெய், தவிட்டு எண்ணெய், புங்க எண்ணெய், கொஞ்சம் விளக்கெண்ணெய். சோடா கரைசல் ஆறியதும் எண்ணெயில் ஊற்றி, தோசை மாவு பதத்துக்குக் கடைவாள். கரண்டியிலிருந்து விழும் கோடு மேலே அழியாமல் நின்றால் பதம். பட்டர் பேப்பர் விரித்த மர அச்சில் ஊற்றி, மறுநாள் வில்லைகளாக வெட்டி, மூடிப்போன ஒரு பேக்கரியில் வாங்கிய பன் தட்டுகளில் அடுக்குவாள். சோடாவின் காரம் அடங்க ஆறு வாரம் அவை காற்றில் கிடக்க வேண்டும். எடுப்பதற்கு முன் ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒரு வில்லையை நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பாள். சுர்ரென்று இழுத்தால் அந்தத் தட்டு மறுபடி அலமாரிக்குப் போகும்.

ஆறு வாரக் கணக்குக்கு அவளுக்கு நாள்காட்டி தேவைப்படவில்லை. தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் முடிந்த வெள்ளிக்கிழமை ஊற்றினால் ஈஸ்டருக்குச் சரியாக இருக்கும். பூசை முடிந்ததும் கோயில் வாசலில் அன்பியம் போடும் கடையில் அவள் சோப்புதான் முதலில் தீரும். வைட்ஃபீல்டிலிருந்துகூட இரண்டு அபார்ட்மென்ட் பெண்கள் மெசேஜ் அனுப்பி எடுத்துவைக்கச் சொல்வார்கள். அலமாரியில் பெரிய எழுத்தில் அட்டை தொங்கும்: ஈஸ்டர் வரை தொடாதே.

ஓஸ்வால்ட் தொட்டார்.

தவக்காலத்தில் அவர் குடிப்பதில்லை, ஞாயிறு தவிர. நாற்பது நாள் கணக்கில் ஞாயிறு சேராது என்பது, சிறுவயதில் படித்த மறைக்கல்வியில் அவர் விடாமல் கடைப்பிடித்த ஒரே பாடம். முதல் ஞாயிறு அவருடைய சித்தப்பா மகள் ரெஜினாவுக்குப் பிறந்தநாள். வெறுங்கையோடு போக மனமில்லை. டீனா கோயிலில் பாடற்குழுவோடு இருந்த நேரம், முந்தின நாள்தான் வெட்டிய வில்லைகளில் இரண்டை எடுத்துக் கலர் பேப்பர் சுற்றிக் கொண்டுபோனார். “டீனா குடுக்கச் சொன்னா” என்று சேர்த்துக் கொடுத்தார்.

திங்கள் காலை ரெஜினாவின் கழுத்தும் கையும் வெந்துபோனாற்போல் சிவந்துவிட்டன. போன் வந்ததும் ஓடியவள் டீனா. குழாயடியில் அவளைக் குனியவைத்து இருபது நிமிடம் தண்ணீர் விட்டாள். “ஏன் அண்ணி இப்படிப் பண்ணீங்க?” என்று ரெஜினா அழுதபடி கேட்டபோதுதான் டீனாவுக்கு விஷயமே புரிந்தது. திரும்பிப் பார்த்தாள். வாசலில் நின்ற ஓஸ்வால்ட் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து கேட்டாள்.

“ஞாயித்துக்கிழமைக்கு தவக்காலம் இல்லடி. ஒரு நல்ல நாள்...”

“அது உங்க நாக்குக்கு. சோப்புக்கு ஞாயிறும் தெரியாது, திங்களும் தெரியாது. நீங்களே போய் அவகிட்ட சொல்லுங்க. நான் காட்டிக் குடுக்க மாட்டேன்.”

போனார். போய் வேறொன்று சொல்லிவிட்டு வந்தார். டீனா அன்பியத்தில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்பாள், இனிமேல் சோப்பே செய்ய மாட்டாள் என்று. அந்தச் செய்தியைக் காய்கறிக் கடையில் வைத்து அவளுக்குச் சொன்னவர், பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் கில்பர்ட்.

சோடா பாத்திரத்துக்கு மூடி போட்டு மேல்தட்டில் ஏற்றி, சமையலறைக் கதவைத் தாழிட்டுவிட்டு, டீனா சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். ஏழு மணிக்குப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். செபமாலை முடிந்தது, வாசகம் முடிந்தது. பைபிளை மூடி மடியில் வைத்துக்கொண்டு ரெஜினா நிமிர்ந்தாள். அன்பியத்துக்கு அவள்தான் தலைவி. கழுத்தில் இன்னும் தோல் உரிந்துகொண்டிருந்தது.

“அண்ணி, எனக்கு உங்க மேல கோவம் இல்ல. அண்ணன் எல்லாம் சொல்லிட்டாரு. ஒரு வார்த்தை கேட்டுட்டீங்கன்னா முடிஞ்சுது. ஈஸ்டர் கடையில சோப்பு மட்டும் வேணாம். கேக் பண்ணுங்களேன், நல்லா வரும் உங்களுக்கு.”

“கேக்கு எனக்கு வராது, ரெஜினா. போன கிறிஸ்துமஸ்ல நீயே நாய்க்குப் போட்ட.”

யாரோ சிரித்துவிட்டு இருமினார்கள்.

“அண்ணி, நான் சீரியஸா பேசறேன். ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வந்திருக்கேன்.”

“நானுந்தான் கூட வந்தேன். உன் கழுத்தப் பார்த்து ராத்திரி சோறு இறங்கல எனக்கு. ஆனா மன்னிப்பு கேக்க மாட்டேன். நிறுத்தவும் மாட்டேன்.”

“டீனா, அட்ஜஸ்ட் பண்ணு. இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு?” என்றார் ஓஸ்வால்ட், மூலையிலிருந்து.

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. “இருபத்து மூணு வருசம் ஊரு பாட்டிலைக் கழுவினேன். உடைச்சது யாரா இருந்தாலும் பெருக்கினது நான்தான். அது வேலைக்கு வாங்கின சம்பளம். இது என் சோப்பு. இதுக்கு நான் பெருக்க மாட்டேன். கடையில இடம் இல்லன்னா வேணாம். எங்க வாசல்ல ஒரு மேஜை போடுவேன், கோயிலுக்குப் போறவங்க எல்லாம் இந்த வழியாத்தான் போவணும்.”

“அப்ப ரெண்டு நாள் சோப்பு தோலைக் கடிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?” ரெஜினாவின் குரல் உயர்ந்தது.

“தெரியும். ஆறு வருசமா பண்றேன். இந்தச் சந்துல யாருக்காவது ஆறு வாரத்துக்கு முன்னாடி ஒரு துண்டு குடுத்திருக்கேனா? கில்பர்ட் அண்ணே, உங்க வீட்டுக்கு?”

“எங்க வீட்டம்மா கெஞ்சிப் பார்த்துட்டா. அட்டையைக் காட்டித் துரத்திட்டீங்க” என்ற கில்பர்ட், தாடையைத் தடவினார். “அப்போ அந்த ரெண்டு மட்டும் தானா நடந்து போச்சா?”

ரெஜினா மெல்லத் தலையைத் திருப்பி மூலையைப் பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள்.

“அண்ணே, நீங்கதான கொண்டுவந்தீங்க? அண்ணி குடுக்கச் சொன்னாங்கன்னுதான சொன்னீங்க?”

ஓஸ்வால்ட் நாற்காலியின் கையைத் தேய்த்தார். எழப்போனார். எடுத்துப் போட நாற்காலி எதுவும் மீதமில்லை. எல்லாவற்றிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

டீனா எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த ஏப்ரனை எடுத்துச் சேலைக்கு மேல் கட்டிக்கொண்டாள். கரைசல் இந்நேரம் ஆறியிருக்கும். எண்ணெயை லேசாகச் சூடு காட்டினால் போதும். சமையலறைத் தாழ்ப்பாளை விலக்கினாள்.

“டீனா,” என்றார் ஓஸ்வால்ட், எல்லாருக்கும் கேட்கும்படி. “இன்னா சொல்லட்டும் நான்?”

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.