ரக்னாவின் மழைத் துப்பாக்கி

அக்டோபரில் எங்கள் தீவில் மழை ஆரம்பித்தால் அது விட்டுவிட்டுப் பெய்வதில்லை. பெய்துகொண்டே இருக்கும், அவ்வளவுதான். மான் வேட்டைக்கு நல்ல காலமும் அதுவே. கடையில் மாட்டிறைச்சி கிடைக்கும். அது தெற்கிலிருந்து சரக்குப் படகில் வருவது. அதை வாங்குகிறவர்கள் பள்ளி ஆசிரியர்களும் வந்து போகிறவர்களும்தான். இங்கே அலாஸ்காக் கரையில் நிரந்தரமாகக் குடியிருக்கும் எங்களுக்கு ஃப்ரீசர் நிறைய மான்கறி இருந்தால்தான் குளிர்காலம் ஓடும்.

ரக்னா ட்வைட் என் பக்கத்து வீட்டுக்காரி. மீன் இறக்கும் துறையில் பாரந்தூக்கி ஓட்டுகிறாள். நான் அதே துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன், பெயர் லாய்ட். அவள் கணவன் ஓர்லின் நல்ல மீன்காரன், அதைவிட நல்ல வேட்டைக்காரன். ஒரு நாள் படகுக்கும் துறைச்சுவருக்கும் நடுவில் சிக்கி இடுப்பெலும்பு நொறுங்கியது. கம்பு ஊன்றி நடக்கிறான், ஆனால் காடேற முடியாது. அதனால் வேட்டை ரக்னாவின் பொறுப்பாயிற்று. கூடவே ஓர்லினின் அப்பாவுடைய துப்பாக்கியும் அவள் கைக்கு வந்தது. அக்ரூட் மரக்கட்டை, கருநீல எஃகுக் குழல். பார்த்தால் எடுத்துத் தடவத் தோன்றும்.

அதைக் கொண்டு அவள் சுட்ட ஒரு மானிலிருந்துதான் இத்தனையும் ஆரம்பித்தது.

சதுப்பின் மறுகரையில் கொம்பு மான் ஒன்று பக்கவாட்டில் அசையாமல் நின்றிருந்தது. ரக்னா ஒரு மரத்தில் சாய்ந்து, மூச்சை அடக்கிக்கொண்டு சுட்டாள். குண்டு விலாவில் பட்டிருக்க வேண்டும். பட்டது பின்னங்காலில். மான் மூன்று காலில் காட்டுக்குள் போய்விட்டது. மழை இரத்தத்தடத்தைக் கழுவிவிட்டது. இருட்டும்வரை தேடினாள். மறுநாள் விடிந்ததும் என்னையும் அழைத்துக்கொண்டு போனாள். அண்டங்காக்கைகள்தான் எங்களுக்கு வழி காட்டின. ஓடைக்கரையில் கிடந்த மானில் எங்களுக்கென்று எதுவும் மிஞ்சவில்லை. ரக்னா அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நான் எழுப்பவில்லை.

வீட்டில் ஓர்லின் ஒரே வரியில் முடித்துவிட்டான்.

"நீ விசைய வெடுக்குன்னு இழுத்திருப்ப."

"நான் இழுக்கல."

"எங்கப்பா அந்தத் துப்பாக்கியில நாப்பது வருஷம் சுட்டாரு. அது தப்பாது."

"அப்ப தப்பு என் மேலதானா?"

"நான் அப்படிச் சொல்லல."

"பின்ன வேற எப்படிச் சொன்ன?"

அந்த வார ஞாயிறு நல்ல மழை. ரக்னா ஓர்லினை வண்டியில் ஏற்றிக்கொண்டு பழைய கல்குவாரிக்குப் போனாள். ஊரார் துப்பாக்கியைச் சரிபார்க்கும் இடம் அது. மணல் மூட்டையின் மேல் துப்பாக்கியை வைத்து, நிதானமாகக் காகிதத்தில் சுட்டாள். ஓர்லின் வண்டிக்குள்ளிருந்து தொலைநோக்கியில் பார்த்தான். குண்டுகள் ஒரு பக்கமாக, தாழ்வாக, ஒன்றுக்கொன்று ஒட்டாமல் விழுந்தன. வீட்டுக்கு வந்து துப்பாக்கியைச் சில நாள் அடுப்பறைக்குப் பக்கத்தில் காயவைத்தாள். மழை கொஞ்சம் ஓய்ந்த ஒரு காலையில் மறுபடியும் சுட்டாள். இந்த முறை குண்டுகள் நடுவில், ஒரு முட்டைக்குள் அடங்கும்படி விழுந்தன.

காரணம் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. துப்பாக்கி காய்ந்திருக்கும்போது குழலுக்கும் மரக்கட்டைக்கும் நடுவில் ஒரு கடை ரசீதை நுழைத்து இழுக்க முடிந்தது. நனைந்தால் மரம் ஊதி ஒரு பக்கமாகக் குழலை முட்டித் தள்ளியது. அப்போது ரசீது நுழையவில்லை. ஓர்லினின் அப்பா வெயில் பார்த்து வேட்டைக்குப் போனவர். ரக்னாவுக்கோ விடுமுறை கிடைக்கிற நாள்தான் வேட்டை நாள். அன்றைக்கு எப்போதும் மழையாகத்தான் இருக்கும்.

ஓர்லின் ரசீதைக் கையில் வாங்கி, தானே நுழைத்துப் பார்த்தான். அதன்பிறகு இரண்டு மூன்று நாள் வீட்டில் பேச்சே இல்லை என்று ரக்னா சொன்னாள்.

ஊரில் துப்பாக்கி விற்பவன் டெல் பர்க்கி. முன்பக்கம் ஆணி, பெயின்ட், கயிறு, பின்பக்கம் துப்பாக்கி. ரக்னா கேட்டதும் அவன் எடுத்துக் காட்டியது சின்னதாக, இலேசாக, அழகான ஒன்று.

"பொம்பளைங்க இதத்தான் விரும்புறாங்க."

"எந்தப் பொம்பள?"

டெல் யோசித்தான். "பொதுவா சொன்னேன்."

"எனக்கு மழையில நாள் பூரா நனைஞ்சாலும் மொதக் குண்டு சொன்ன எடத்துல போகணும். அத காட்டு."

அவன் சாம்பல் நிற எஃகும் கறுப்பு பிளாஸ்டிக் கட்டையும் கொண்ட ஒன்றைக் காட்டினான். ரக்னா முகம் சுளித்தாள்.

"என்ன டெல் இது, பாத்ரூம் குழாய் மாதிரி இருக்கு."

"குழாய் துருப்பிடிக்குதா? இல்லல்ல?" என்றவன் இன்னொன்றையும் தூக்கி வைத்தான். "உனக்கு உண்மையில வேண்டியது இது. பெரிய தோட்டா. கரடி வந்தா என்ன பண்ணுவ?"

எங்கள் ஊரில் கரடி என்று சொன்னால் எந்தப் பேச்சும் அங்கேயே முடியும். அன்றைக்கு முடியவில்லை. அவள் டெல்லின் பெரிய துப்பாக்கியைக் கடன் வாங்கிக் குவாரியில் சுட்டுப் பார்த்தாள். தோள் நீலம் பாரித்தது. மறுநாள் திருப்பிக் கொடுத்தபோது, "சுடறதுக்கு முன்னாடியே கண்ண மூடிக்கிறேன். கண்ண மூடிட்டு மானையும் சுட முடியாது, கரடியையும் சுட முடியாது" என்றாள்.

பிறகு அவள் செய்ததுதான் ஊர் முழுக்கச் சிரிப்பாகிப் போனது. மழையைத் தாங்கும் என்று கடைக்காரன் சொல்வதும் விளம்பரம் சொல்வதும் போதாது, கட்டிப்போட்டுப் பார்க்க வேண்டும் என்றாள். கடைச் சரக்கை மழையில் போட டெல் விடவில்லை. ஆனால் தன் சொந்தத் துப்பாக்கியைக் கொடுத்தான். சாதாரண எஃகு, பிளாஸ்டிக் கட்டை. நான் என்னுடையதைக் கொடுத்தேன். துருப்பிடிக்காத எஃகு, பிளாஸ்டிக் கட்டை, மேலே நான் பெருமையாகக் காட்டிக்கொள்ளும் விலையுயர்ந்த ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி. இரண்டையும் தன் சின்னப் படகின் பலகையில் கட்டி, பூட்டி, துறையில் திறந்த வானத்தின் கீழ் விட்டாள். மேலே மழை, பக்கத்தில் உப்புத்தண்ணீர்த் தெறிப்பு. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

"ரக்னா, தூண்டில்ல ஏதாச்சும் மாட்டிச்சா?"

"நீ மாட்டுவேன்னுதான் காத்திருக்கேன், பக்கத்துல வா."

தினமும் வேலைக்கு முன் இரண்டையும் அவிழ்த்துக் குவாரிக்கு எடுத்துப்போய், சுட்டுவிட்டு வந்து மறுபடி கட்டிவைப்பாள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு குண்டு. ஒரு துப்பாக்கிக்கு ஒரே காகிதம், நாளுக்கு ஒரு துளை. நான் ஒருமுறை கேட்டேன், ஐந்தாறு சேர்த்துச் சுட்டால்தானே தெரியும் என்று.

"குழல் சூடேறினப்புறம் எங்க போகுதுங்கறது எனக்கெதுக்கு, லாய்ட்? மான் அஞ்சாவது குண்டு வரைக்கும் நின்னு பாக்குமா?"

வார முடிவில் டெல்லின் துப்பாக்கிக் காகிதத்தில் துளைகள் நெருக்கமாக இருந்தன. ஆனால் குழலிலும் தோட்டா ஏற்றும் பகுதியிலும் ஆரஞ்சு நிறத்தில் துரு பூத்திருந்தது. டெல் அதைத் துணியால் தேய்த்துக்கொண்டே ரக்னாவைத் திட்டினான். என்னுடையதில் துரு இல்லை. துளைகளும் நெருக்கம்தான். ஆனால் ஐந்தாம் நாளுக்குப் பிறகு துளையே இல்லை.

"சுடலையா?" என்றேன்.

"எதப் பாத்துச் சுட? உன் ஸ்கோப்புல எட்டிப் பாரு."

பார்த்தேன். உள்ளே மூடுபனி. துடைத்தால் போகிற பனி அல்ல, கண்ணாடிக்கு உள்பக்கம். அதன் விலையை நான் யாரிடமெல்லாம் சொல்லியிருந்தேனோ அத்தனை பேருக்கும் அன்று மத்தியானத்துக்குள் விஷயம் போய்விட்டது.

அவள் கடைசியில் வாங்கியது, துருப்பிடிக்காத எஃகும் பிளாஸ்டிக் கட்டையும் கொண்ட, ஊரில் பாதிப்பேர் வைத்திருக்கும் நடுத்தரத் தோட்டாத் துப்பாக்கி. ரொம்ப இலேசான வகையை வேண்டாம் என்றாள். ஏறி வந்து மூச்சிரைக்கும்போது அது கையில் ஆடும் என்பது அவள் கணக்கு. ஸ்கோப் எளிமையானது, திருகிப் பெரிதாக்கும் வசதி எதுவும் இல்லாதது. அதை வாளித் தண்ணீரில் ஒரு ராத்திரி முக்கி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பொருத்தினாள். குழல் வாயில் மழை இறங்காமல் மின்சார டேப் ஒரு துண்டு. குண்டு அதைக் கிழித்துக்கொண்டு போகும், குறி மாறாது. அதையும் சுட்டுப் பார்த்துவிட்டாள்.

புதுத் துப்பாக்கியை மேஜையில் வைத்தபோது ஓர்லின் கையில் எடுக்கவில்லை. "அசிங்கமா இருக்கு" என்றான். "ஆமா" என்றாள். அத்தோடு விட்டார்கள்.

நவம்பரில் ஆண்மான்கள் பெண்மான்களைத் தேடி அலையும் வாரத்தில், நான் ரக்னாவோடு போகக் கிளம்பினேன். படகுத்துறையில் ஓர்லின் மழைக்கோட்டோடு கம்பு ஊன்றி நின்றிருந்தான்.

"நீ எங்க வர்ற?" என்றாள் ரக்னா.

"படகுல உக்காரறதுக்கு இடுப்பு வேணாமே."

தீவின் மேற்குக் குடாவில் ஓர்லினைப் படகோடு நிறுத்திவிட்டு நாங்கள் இருவரும் ஏறினோம். மழை பக்கவாட்டில் அடித்தது. சதுப்பின் விளிம்பில், ஊசியிலை மரங்களுக்கு அடியில் உட்கார்ந்தோம். ரக்னா மான் ஊதலை எடுத்தாள். இரண்டு மரத்துண்டுக்கு நடுவே ஒரு ரப்பர் பட்டை. ஊதினால் குட்டி மான் கத்துவது போல இருக்கும்; பெண்மான் ஓடி வரும் என்று ஆண்மானும் தேடி வரும். ஊதிவிட்டுக் காத்திருந்தாள். மறுபடி ஊதினாள்.

ஒரு கொம்பு மான் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு வெளியே வந்தது. நேராக எங்களைப் பார்த்து நின்றது. ரக்னா குறி வைத்தாள், சுடவில்லை. அது திரும்பட்டும் என்று காத்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அவள் தொப்பி விளிம்பிலிருந்து தண்ணீர் ஸ்கோப்பின் மேல் சொட்டிக்கொண்டே இருந்தது. மான் ஒரு அடி எடுத்து வைத்துப் பக்கம் காட்டியது. சுட்டாள். அது சில எட்டு ஓடி, புதரை எட்டுமுன் மடிந்து விழுந்தது. கிட்டே போய்ப் பார்த்தோம். முன்னங்காலுக்குப் பின்னால், நுரையீரலில், எங்கே படவேண்டுமோ அங்கே.

ரக்னா கையுறையைக் கழற்றி அதன் கழுத்தில் கை வைத்தாள். "வலி தெரிஞ்சிருக்காது, இல்ல?" என்றாள்.

"தெரிஞ்சிருக்காது."

எங்கள் பக்கத்துக் கரடிகளுக்குத் துப்பாக்கிச் சத்தம் சாப்பாட்டு மணி. முதுகுக்கறி இரண்டையும் ஒரு தொடையையும் அறுத்துப் பைக்குள் போட்டிருந்தோம். அடுத்த தொடையில் கத்தி வைத்தபோது கிளை முறியும் சத்தம் கேட்டது. பழுப்புக் கரடி, பெரியது. எதிர் விளிம்பில் நின்று காற்றை முகர்ந்தது. நான் என் துப்பாக்கியைத் தூக்கினேன். ரக்னா குழலைப் பிடித்துக் கீழே அழுத்தினாள்.

"அதுக்குப் பசி. நம்மகிட்ட அதுக்கு ஒண்ணும் கோவமில்ல" என்றாள் என்னிடம். பிறகு கரடியைப் பார்த்து, பாரந்தூக்கியிலிருந்து கீழே நிற்பவர்களிடம் பேசுகிற அதே உரத்த குரலில், "நாங்க கெளம்பறோம். மிச்சத்த நீ எடுத்துக்க. பின்னாடி மட்டும் வராத!" என்றாள்.

பையை மாட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பாமல் பின்னோக்கி நடந்தோம். கரடி எங்களைக் கொஞ்சநேரம் பார்த்தது. பிறகு வந்து மானின் மேல் முன்கால்களை வைத்துக்கொண்டது. கடற்கரை வந்ததும் ரக்னா ஒரு கல்லில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினாள். அது அவிழ்ந்திருக்கவேயில்லை.

படகில் ஓர்லின் எழுந்து நின்றான். "ஒரு சத்தந்தான் கேட்டுது. தப்பிப் போச்சா?"

"இல்ல, விழுந்துச்சு."

பையைப் பார்த்தான். "மிச்சம் எங்க?"

"பங்காளி வந்துட்டான்."

நடந்ததைக் கேட்டுவிட்டு ஓர்லின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் என்னைக் கேட்டான், குண்டு எங்கே பட்டது என்று. சொன்னேன். அவன் பையை வாங்கிப் படகுக்குள் வைத்தான்.

"எங்கப்பா துப்பாக்கியோட போயிருந்தா இன்னிக்கு அது கால்ல பட்டிருக்கும். நீ புதருக்குள்ள தேடிட்டுப் போயிருப்ப. அங்க அவன் இருந்திருப்பான்."

"இருந்திருப்பான்" என்றாள் ரக்னா.

"நான்தான் அத உன் கையில குடுத்தேன்."

"நனைஞ்சா ஊதும்னு உனக்கென்ன தெரியும்? எஞ்சினப் போடு, குளிருது."

அந்தப் பருவம் முடிவதற்குள் அவள் இன்னும் இரண்டு மான் கொண்டுவந்தாள், முழுசாக. ஆனால் எனக்கு நினைவிருப்பது அன்றைய சாயங்காலம். ஓர்லின் அடுப்பின் முன் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, முதுகுக்கறியை வெண்ணெயில் வெங்காயம் போட்டு வதக்கினான். மூன்று பேரும் சாப்பிட்டோம். ரக்னா நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள். விடிந்தால் மீன் படகு ஒன்று வருகிறது, அவளுக்குக் காலை வேலை. ஓர்லின் அவள் கையிலிருந்த தட்டை மெதுவாக உருவி எடுத்து, போர்வையைப் போர்த்திவிட்டு, வாசல் விளக்கைப் போட்டு என்னை வழியனுப்பினான்.