அத்தை அழித்த சொல்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அதனால் நாலாம் வகுப்பிலேயே எனக்கு ஒரு உத்தியோகம் கிடைத்துவிட்டது. பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, சுவரில் ஒட்டிய தேர்தல் நோட்டீஸ், எதுவானாலும் வாசித்துச் சொல்ல வேண்டும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

முத்தையாபுரத்து நூலகம் அப்போது ஒரு வாடகை வீட்டின் முன்னறையில் இருந்தது. எழுதப்படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு அங்கே சாயங்காலம் சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள் என்று உப்பளத்தில் பேச்சு வந்தது. அப்பாவின் தங்கை அந்த உப்பளத்தில்தான் வேலை செய்தாள். புருஷன் விட்டுப் போனபின் எங்கள் வீட்டோடு வந்துவிட்ட அத்தை. முப்பத்தைந்து வயதிருக்கும். இனி அவளுக்கு நடக்க ஒன்றுமில்லை என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். அவளிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னதும், தூத்துக்குடி துறைமுகத்தில் மூட்டை சுமந்துவிட்டு வந்திருந்த அப்பா சிரித்தார்.

"காலம்போன காலத்துல கெழவிக்கு அரிச்சுவடியா?"

அத்தை கால் கழுவி, சேலை மாற்றி, என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நூலக வாசலில் ஒரு கரும்பலகை சாய்த்து வைத்திருந்தார்கள். "வாசிலே" என்றாள். உத்தியோக மிடுக்கோடு உரக்க வாசித்தேன்: "முதியோர் கல்வி."

"முதியோர்னா?"

"கெழடுங்க, அத்தை."

நேரே உள்ளே போய் நூலகரின் மேசை முன்னால் நின்றாள். "சார், என்னையப் பாத்தா கெழவி மாதிரி இருக்கா?"

பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஆண்கள் நிமிர்ந்தார்கள். பலசரக்குக் கடை அண்ணாச்சி கேட்டார்: "ஏளா, உப்பு வாருதவளுக்கு இங்கன என்ன சோலி?"

"வாரிட்டுத்தான் வாரேன் அண்ணாச்சி. நீங்க கடையப் போட்டுட்டு இங்கன காத்து வாங்குதியளே, நான் கேட்டனா?"

நூலகர் நல்ல மனிதர். அது சர்க்கார் வைத்த பெயர், கிழவர்களுக்கு மட்டும் என்று அர்த்தமில்லை என்று விளக்கிப் பார்த்தார். அவள் அசையவில்லை. "வேணும்னா 'வயது வந்தோர் கல்வி'ன்னு மாத்திருதேம்மா" என்றார்.

அறையே சிரித்தது.

"நல்லாருக்கே! நான் வயசுக்கு வந்து இருவது வருசமாச்சு. அன்னைக்கே ஊரக் கூட்டிச் சடங்கு வச்சாச்சு. இப்ப போர்டு வேற வைக்கணுமாக்கும்?"

நூலகர் குனிந்து, சட்டைப்பையிலேயே இருந்த பேனாவை மேசையெல்லாம் தேட ஆரம்பித்தார்.

அத்தை வாசலுக்கு வந்தாள். வீட்டுக்குத்தான் என்று நினைத்தேன். "ஏலே, இதுல எது அந்தச் சொல்லு?" என்றாள். விரலால் காட்டினேன். முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். 'கல்வி' மட்டும் மிஞ்சியது. திரும்ப உள்ளே போய், பேப்பர் படிக்கிறவர்களுக்கு நடுவில் பெஞ்சில் உட்கார்ந்தாள். அண்ணாச்சி தானாக நகர்ந்துகொண்டார்.

"இப்ப சொல்லிக்குடுங்க சார்."

அவள் சிலேட்டில் முதல் எழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அப்பா வந்துவிட்டார்.

"ஏளா, எந்திச்சு வா. ஊரே சிரிக்கு."

"சிரிச்சு முடிச்சாச்சுண்ணே. நீ போ." சிலேட்டிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.

அப்பா வெளியே வந்தார். நானும் பின்னாலேயே வந்தேன். கரும்பலகை முன்னால் நின்றார்.

"என்னலே எழுதிருக்கு?"

"கல்வி."

"யாருக்காம்?"

"அது போடல."

அவர் போகவில்லை. தலைத்துண்டை அவிழ்த்து உதறினார், கட்டினார், மறுபடியும் அவிழ்த்தார். உள்ளே அத்தை உரக்க 'ஆ' என்றாள். அப்பாவின் உதடும் அதேபோல, சத்தமில்லாமல் பிரிந்தது. திட்டத்தான் வாயைத் திறக்கிறார், அவளை இழுத்துக்கொண்டு போகத்தான் நிற்கிறார் என்றுதான் அப்போது எனக்குப் பட்டது. அவர் ஓரடி எடுத்து வைத்தார். நான் ஓடிப்போய் இரண்டு கைகளையும் விரித்து வாசலை மறித்துக்கொண்டேன்.