மாவுக்கட்டு

அவள் பல்செட் கட்டுகிறவள். தெருவில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் பல்லக்கா. பல் மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சுகளில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் மெழுகில் ஈறு பிடித்து, பல் பல்லாகப் பதித்து, தேய்த்து மெருகேற்றித் தருவாள். "ஊருக்கெல்லாம் பல்லைக் கட்டுறா, தன் பல்லை மட்டும் காட்ட மாட்டா" என்று கணவனே கேலி செய்வான். அவன் தொலைதூரப் பேருந்து ஓட்டுநர். ஒரு நாள் வீடு, இரண்டு நாள் சாலை.

சிரிப்பு குறைவே தவிர, அவள் பயந்தாங்கொள்ளி அல்ல. பயம் அவளுக்கு நாற்பதாவது வயதில்தான் வந்தது. ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது.

குழந்தையை ஆதரவற்றோர் இல்லத்திலிருந்து அழைத்து வந்து எட்டு மாதம். நீதிமன்ற உத்தரவு வரும்வரை தத்து முழுமையாகாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழந்தைகள் நல அலுவலர் வந்து பார்ப்பார். தன்மையான அம்மாள்தான். ஆனால் குளியலறைத் தாழ்ப்பாளையும் ஜன்னல் கம்பியையும் பார்த்துவிட்டு ஏதோ எழுதுவார். அந்தப் பேனா நகரும்போதெல்லாம் பல்லக்கா அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"இவ்வளவு சமத்தான பிள்ளைய நான் பாத்ததே இல்ல" என்பாள் பக்கத்து வீட்டுக்காரி. பல்லக்காவை உறுத்தியது அந்தச் சமத்துதான். பால் சுட்டாலும் குழந்தை விழுங்கிவிடும். எதையும் வேண்டும் என்று கேட்காது. ரொட்டித் துண்டுகளைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைக்கும். அதைக் கண்டுபிடித்த ஓட்டுநர் 'அணில்' என்று பெயர் வைத்துவிட்டான். வந்த முதல் நாளே அம்மா என்று கூப்பிட்டது. பல்லக்கா பூரித்துப் போனாள். இல்லத்தில் சமைக்கிறவளும் பெருக்குகிறவளும்கூட அதற்கு அம்மாதான் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை நண்பகல். நல அலுவலர் வியாழன் வருவதாக இருந்தது. பல்லக்கா வீட்டை ஒட்டிய வேலையறையில் மெருகேற்றும் மோட்டாரில் குனிந்திருந்தாள். பின்னால் ஏதோ சரிந்து விழுந்தது. அழுகைச் சத்தம் இல்லை. மோட்டாரை நிறுத்தித் திரும்பினாள். மேல் தட்டிலிருந்த சிவப்பு மெழுகுத் தகடுகள் தரையெங்கும் கிடந்தன. கவிழ்ந்த முக்காலிக்குப் பக்கத்தில் அணில் உட்கார்ந்து, வலது கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்லம்மா. வலிக்கல."

கையை வெளியே எடுத்துப் பார்த்தாள். மணிக்கட்டுக்கு மேலே, வளையக் கூடாத இடத்தில் வளைந்திருந்தது.

அடுத்து அவள் செய்ததைப் பிற்பாடு யாரிடம் சொன்னாலும் தலை குனிந்துதான் சொல்வாள். போய்த் தெருக்கதவைத் தாழிட்டாள். வேலை செய்கிற இடத்தில், கவனிக்காமல் விட்டு, கை ஒடிந்தது என்று அந்தப் பேனா எழுதும். எழுதினால் பிள்ளை போய்விடும். மாவு மூட்டை எதிரிலேயே இருந்தது. வாய்க்கு அச்சு வார்க்கிறவளுக்குக் கைக்கு ஒரு கட்டுப் போடத் தெரியாதா? வியாழன் ஒரு நாள் தாண்டட்டும். ரப்பர் கிண்ணத்தில் மாவைக் கொட்டித் தண்ணீர் விட்டுக் கலக்க ஆரம்பித்தாள்.

நிமிர்ந்தபோது குழந்தை தானாகவே கையை நீட்டிக்கொண்டு நின்றது. உதடு வெளுத்திருந்தது.

"நான் முழுக்கை சட்டை போட்டுக்கறேம்மா. அவங்களுக்குத் தெரியாது."

பல்லக்கா கலக்குவதை நிறுத்தினாள். அதே முழுக்கைச் சட்டையைத்தான் அவளும் நினைத்திருந்தாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்தது? கிண்ணத்தைத் தொட்டிக்குள் வீசினாள். ஒடிந்த கையை அட்டையில் வைத்துத் துண்டால் கட்டி, மாவு ஒட்டிய கைகளோடு ஆட்டோ பிடித்தாள்.

மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர் குனிந்து, "எப்படிம்மா விழுந்தே?" என்று கேட்டார்.

"நானாதான் விழுந்தேன். அம்மா அடிக்கல."

அடித்தார்களா என்று யாரும் கேட்டிருக்கவில்லை. மருத்துவரும் நர்ஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எக்ஸ்ரே வந்த பிறகு மருத்துவரின் குரலே மாறிவிட்டது.

"இது இன்னிக்கு ஒடிஞ்சது. இதோ, கொஞ்சம் மேல, இது பழசு. ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும். அப்ப எங்க காட்டினீங்க?"

"எனக்குத் தெரியாதுங்க."

"பெத்தவங்களுக்குத் தெரியாதா?"

"எட்டு மாசமாத்தான் எங்ககிட்ட இருக்கா" என்றாள். நல அலுவலரின் எண்ணைத் தானே எடுத்துக் கொடுத்தாள். பிறகு கணவனை அழைத்தாள். இரண்டு முறை வேறு யாருக்கோ போனது.

"வண்டியில அம்பது பேர் இருக்காங்க, நடுவழியில விட்டுட்டு வர முடியாது" என்றான் அவன். "யார் என்ன கேட்டாலும் நம்ம பிள்ளைய குடுத்துடாத."

குழந்தைக்கு வலி குறைய ஊசி போட்டார்கள். அதற்கும் அது முனகவில்லை.

ஒரு மணி நேரத்தில் நல அலுவலர் வந்தார். "நான் பிள்ளைகிட்ட தனியா பேசணும்" என்றார். அணில் கட்டிலிலிருந்து மெல்ல இறங்கியது.

"என் சட்டையெல்லாம் எடுத்துக்கணுமா?"

நல அலுவலர் பல்லக்காவை வெளியே இருக்கச் சொன்னார். கதவு சாத்திக்கொண்டது.

பல்லக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். விரலிடுக்கில் காய்ந்த மாவைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். தாழிட்ட கதவைப் பற்றிப் பிள்ளை சொல்லிவிடுமா? சொல்லாமல் மறைத்தால் அது இன்னும் கொடுமையாயிற்றே. அலுவலர் வெளியே வந்ததும் அவர் பேசுவதற்கு முன் இவளே எழுந்து, கதவு, மாவு, முழுக்கைச் சட்டை எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அலுவலர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"உங்களுக்கு முன்னாடி ஒரு குடும்பம் இவளைக் கூட்டிட்டுப் போச்சு. நாலு மாசத்துல கை ஒடிஞ்சுது. கட்டுப் பிரிக்கிறதுக்குள்ள கொண்டுவந்து விட்டுட்டாங்க. எங்களால பாத்துக்க முடியலன்னு."

பல்லக்கா அவர் பக்கம் திரும்பினாள். "இத ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"சொல்லியிருக்கணும். தப்புதான். கை ஒடிஞ்சா திருப்பி அனுப்பிடுவாங்கன்னுதான் அவ நெனச்சிட்டிருக்கா. இப்பவும் கிளம்பத் தயாரா உக்காந்திருக்கா."

பல்லக்கா உள்ளே போனாள். எலும்பைச் சேர்த்துக் கட்டுப்போட மருத்துவர் ஆயத்தமாக நின்றிருந்தார். அவள் குழந்தையின் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"இது முடிஞ்சதும் நாம வீட்டுக்குப் போறோம். நம்ம வீட்டுக்கு. வலிச்சா கத்து."

குழந்தை அவளை நம்பாமல் பார்த்தது. "கத்தலாமா?"

"கத்து. இந்தக் கட்டடமே கேக்கட்டும்."

மருத்துவர் கையை இழுத்தபோது முதலில் சின்னதாக ஒரு முனகல் வந்தது. பிறகு அணில் வீறிட்டது. எட்டு மாதத்தில் அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. அம்மா, அம்மா என்று அவள் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, கட்டு இறுகி முடிந்த பிறகும் நிறுத்தாமல் அழுதது. "இவ்வளவு சத்தம் இத்தனை நேரம் எங்கடி இருந்துச்சு?" என்றாள் நர்ஸ். பல்லக்கா பிள்ளையை விடவில்லை.

அலுவலர் எல்லாவற்றையும் எழுதினார், கரைத்த மாவு உட்பட. அதனால் உத்தரவு நான்கு மாதம் தள்ளிப்போனது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தவர் மாதாமாதம் வந்தார். ஓட்டுநர் உள்ளூர் வழித்தடத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கினான். வேலையறைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு கம்பிக் கதவு வந்தது. கடைசியில் நீதிமன்றத்தில் உத்தரவை வாங்கியவள், மூன்று முறை படித்தும் புரியாமல் கணவனிடம் நீட்டினாள்.

காகிதம் வந்ததும் பயம் போய்விடவில்லை. அணிலுக்கு இப்போது ஒன்பது வயது. போன வாரம் வீட்டுப்பாடம் எழுதச் சொன்னதற்கு, "நீ ரொம்ப மோசம்! உன்கூட பேசவே மாட்டேன்!" என்று கத்திவிட்டு, படுக்கையறைக் கதவை ஜன்னல் அதிரச் சாத்திக்கொண்டது. பல்லக்கா கூடத்தின் நடுவே நின்றுவிட்டாள். கதவுக்குப் போவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"கேட்டீங்களா, எப்படிப் பேசறான்னு?"

"கேட்டேன்" என்றான் ஓட்டுநர், காலுறையைக் கழற்றிக்கொண்டே. "பசிச்சா வருவா."

அரை மணி நேரத்தில் கதவு திறந்தது. அணில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நேரே வந்து, தட்டை எடுத்துத் தன் இடத்தில் உட்கார்ந்தது.